பச்சை மழையும் புராண விமானமும்

2014 ஜனவரியில் டோம்பிவிலியில் பச்சை நிறத்தில் மழை பெய்தது. ஊர்மக்கள் ரசாயன ஆலைகளின் புகைபோக்கிகளைக் கைகாட்டினார்கள். 2020 பிப்ரவரியில் அதே ஊரின் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டைச் சாலை இளஞ்சிவப்பாக மாறியது. அன்றைய முதலமைச்சர் உத்தவ் தாக்கரே நேரில் வந்து பார்த்துச் சென்றார். ஓவியக்கதைப் புத்தகத்தின் வண்ணப் பக்கங்களில் மட்டுமே நடக்கக்கூடிய காட்சிகள் அங்கே நடைபாதையில் நடந்தன. 2016 மே 26 அன்று ஓர் ஆலை வெடித்து 12 பேர் மாண்டனர். 2024 மே 23 அன்று இன்னோர் ஆலை வெடித்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒவ்வொரு முறையும் ஆபத்தான ஆலைகளை இடம் மாற்றுவோம் என்று அமைச்சர்கள் வாக்களித்தனர்.

பச்சை மழை பெய்த அதே 2014ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று, மும்பையில் ரிலையன்ஸ் அறக்கட்டளை மருத்துவமனை விழாவில் பிரதமர் மோடி பேசினார். கர்ணன் பிறந்த கதை பண்டைய மரபணு அறிவியலுக்குச் சான்று என்றும், பிள்ளையாருக்கு யானைத்தலை பொருத்தியது ஒட்டு அறுவை மருத்துவம் என்றும் மருத்துவர்கள் நிறைந்த அவையில் விளக்கினார். அடுத்த சில மாதங்களில், 2015 ஜனவரியில், மும்பைப் பல்கலைக்கழகத்தில் 102ஆவது இந்திய அறிவியல் மாநாடு கூடியது. வேதகாலத்தில் கோள் விட்டுக் கோள் பறந்த விமானங்கள் இருந்தன என்ற ‘ஆய்வுரை’ அங்கே அரங்கேறியது. டோம்பிவிலியிலிருந்து ரயிலில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் அந்த மாநாட்டு வளாகத்துக்கு வெகு தொலைவில் இல்லை. அவர்களுடைய ஊர் வானத்திலிருந்து விழுந்தது என்ன என்று எந்த அமர்வு விவாதித்தது?

அந்த விமானங்களுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ‘வைமானிக சாஸ்திரம்’ இருபதாம் நூற்றாண்டில் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர் ஐவர் 1974இலேயே அதைச் சோதித்து, அதில் உள்ள எந்த வாகனமும் பறக்காது என்று எழுதிவிட்டனர். அது தெரிந்தும், சந்திரயான்-3 வெற்றியைக் கொண்டாட 2023இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட மாணவர் வாசிப்பேட்டில் அந்த நூலே மறுபடி எட்டிப் பார்த்தது. 2025 ஆகஸ்டில் இமாசலப் பிரதேசத்தின் உனாவில் பா.ஜ.க. நாடாளுமன்ற உறுப்பினர் அனுராக் தாக்கூர், விண்வெளிக்கு முதலில் சென்றவர் அனுமன் என்று பள்ளி மாணவர்களிடம் சொன்னார்.

இங்கே அனுமன் மீது யாருக்கும் வழக்கு இல்லை. அம்புலிமாமாவின் வேதாளமும், 1967 முதல் மும்பையிலிருந்து வந்த அமர் சித்திரக் கதைகளும், தொலைக்காட்சியில் லட்டு தின்று மலை பெயர்க்கும் சோட்டா பீமும் குழந்தைகளின் சொத்து. 1972இல் முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, உடலில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவார். அவரைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை, மறைய வேண்டும் என்று மின்கம்பியைப் பிடிக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக் கதை எது, பாடம் எது என்று தெரிகிறது. அதிகாரத்தில் இருப்பவர்கள்தாம் அந்த எல்லையை வேண்டுமென்றே அழிக்கிறார்கள். அறிவியல் தேடலின் பெருமையைப் பழம்பெருமையாகத் திருப்பிவிட்டால், இன்றைய ஆலை பற்றியும் இன்றைய ஆய்வுநிதி பற்றியும் கேள்வி எழாது. சங் பரிவாரத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

இந்த மண்ணில் வேறொரு கற்பனை மரபு இருக்கிறது. பேகம் ரொக்கையாவின் ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு மகளிர் இதழில் அச்சானது. பெண்கள் ஆளும் நாடு, சூரிய வெப்பத்தில் சமையல், வானூர்தி என்று அவர் எழுதியது கடந்தகாலத்தைத் துதிக்க அல்ல. பெண்களைப் பூட்டி வைத்த நிகழ்காலத்தைக் குத்திக் காட்ட.

மராட்டிய மண்ணில் அந்த மரபின் பெரும்பெயர் வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர். 1974இல் மராட்டி விஞ்ஞான் பரிஷத் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டிக்கு, தன் புகழ் நடுவர்களைப் பாதிக்கக் கூடாது என்று, நாராயண் விநாயக் ஜகதாப் என்ற புனைபெயரில் கருந்துளை பற்றிய கதையை அனுப்பி முதல் பரிசு பெற்றார். கதையைக் கதையாக எழுதிய அதே மனிதர், 2008இல் நரேந்திர தாபோல்கருடன் சேர்ந்து சோதிடத்தைச் சோதனைக்கு உட்படுத்தினார். 27 சோதிடர்கள் ஆளுக்கு 40 ஜாதகங்களைப் பார்த்து, அறிவுத்திறன் மிக்க குழந்தைகள் யார், மனவளர்ச்சி குன்றியவர்கள் யார் என்று சொல்ல வேண்டும். சராசரியாக 46 விழுக்காடே சரியாக இருந்தது. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதைவிடக் குறைந்திருக்காது. தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். நார்லிகர் 2021இல் நாசிக்கில் நடந்த அகில இந்திய மராட்டி இலக்கிய மாநாட்டின் தலைவராகத் தேர்வானார். 2025 மே மாதம் காலமானார். அதே இலக்கிய மாநாடு 2017 பிப்ரவரியில் டோம்பிவிலியில் கூடியபோது, 12 பேரைக் கொன்ற வெடிப்பு நடந்து ஒன்பது மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பாடத்தை வெட்டியது பலருக்கு நினைவிருக்கும். தனிமங்களின் அட்டவணை பற்றிய அத்தியாயமும் அப்போதே வெட்டப்பட்டது. ‘பாடச்சுமைக் குறைப்பு’ என்று காரணம் சொன்னார்கள். பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் எடுப்பவர்கள் படித்துக்கொள்ளலாம் என்பது சமாதானம். பத்தாம் வகுப்போடு நின்று ஆலைக்கோ கடைக்கோ வேலைக்குப் போகும் பிள்ளை? ரசாயனப் புகைக்கு நடுவே வாழ்ந்து, ரசாயனப் பீப்பாயை உருட்டப் போகும் பிள்ளைக்கே தனிமங்களின் குடும்பம் தெரிய வேண்டாம் என்கிறது இந்த அரசு. பறக்காத விமானம் மட்டும் தெரிந்தால் போதும் போலும்.

முற்போக்கு முகாமிலும் ஒரு சோம்பல் உண்டு. மாயாஜாலம், அறிவியல் புனைவு, கார்ட்டூன் எல்லாம் மக்களை மயக்கும் சரக்கு என்று ஒதுக்கிவிடும் பழக்கம் அது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நடக்கும் காலம் 2021-22. அங்கே ஒரு சர்வாதிகாரி. அவன் மனிதனே அல்ல, திரையில் ஒளியால் உண்டாக்கப்பட்ட பிம்பம். குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். சுஜாதா இடதுசாரி அல்லர். ஆனாலும் அந்த நாவல் வெகுமக்கள் வார இதழில் வந்து வீடு வீடாகப் படிக்கப்பட்டது. அதைப் பற்றி உழைக்கும் மக்களிடம் பேசியவர்கள் எத்தனை பேர்?

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை கட்டுப்படியாகாமல் டோம்பிவிலிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நார்லிகர் தமிழில் வேண்டும். மராட்டியிலும் இந்தியிலும் ரொக்கையா வேண்டும். வெட்டிய அத்தியாயங்கள் பத்தாம் வகுப்பு நூலுக்குத் திரும்ப வேண்டும். தொழிற்பேட்டையின் ஒவ்வோர் ஆலை வாசலிலும், உள்ளே எந்த ரசாயனம் எவ்வளவு இருக்கிறது, கசிந்தால் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று மராட்டி, இந்தி, தமிழ் மூன்றிலும் எழுதிய பலகை வைக்கப்பட வேண்டும்.