மகனுக்கு ஒரு பள்ளி, மகளுக்கு ஒரு பள்ளி

 

விழுப்புரம் மாவட்டம் பொம்மையார்பாளையத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட மடல் ஒன்றை எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுள்ளார், வெளியிடவில்லை. கணவர் சவூதியில் பணிபுரிகிறார். மகனுக்கு நான்கு வயது நிறையப் போகிறது. புதுச்சேரியில் பெயர் பெற்ற இரண்டு தனியார் பள்ளிகளில் விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருக்கிறார். ஒன்று நூற்றாண்டு கண்ட பள்ளி. மற்றொன்று அண்மையில் எழும்பியது. குளிரூட்டிய வகுப்பறைகளும் நீச்சல் குளமும் அங்கே உண்டாம். இரண்டில் எதில் சேர்ப்பது என்பதே அவருடைய வினா.

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இதே வினாவை எழுதும் தாய்மார்கள் பலர். ஆகவே மறுமொழியை அவருக்கு மட்டும் தபாலில் அனுப்பாமல் உங்கள் அனைவர் முன்னும் வைக்கிறேன்.

பொம்மையார்பாளையத்தைப் பார்த்திராதவர்களுக்காக ஓரிரு சொற்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரி நகருக்கு வடக்கே அமைந்த கடலோரச் சிற்றூர் அது. ஊர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. தெற்கே முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் கோட்டக்குப்பம் வரை தமிழ்நாடு. அதைத் தாண்டினால் புதுச்சேரி. வடக்கே சென்றாலும் காலாப்பட்டு வந்துவிடும், அதுவும் புதுச்சேரிதான். 1985இல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. மேற்குப் புறத்தில் 1968இல் உருவான ஆரோவில். எப்பக்கம் திரும்பினாலும் கல்வி நிலையங்களின் பெயர்ப் பலகைகள் தெரியும் ஊரில் வாழும் தாய்க்கு மனம் அலைபாய்வது இயல்பே.

புதுச்சேரியின் பள்ளிப் புகழ் நேற்று முளைத்ததன்று. அங்குள்ள பிரெஞ்சு லிசே 1826ஆம் ஆண்டில் தொடங்கியது. க்ளூனி சபைக் கன்னியர் 1827இல் அந்நகரம் வந்து பெண்களுக்குக் கல்வி புகட்டலாயினர். பெத்தி செமினார் 1844ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அரவிந்தர் ஆசிரமத்துப் பள்ளி 1943 டிசம்பர் 2ஆம் நாள் தோன்றியது. அங்கே தேர்வும் கிடையாது, பட்டச் சான்றிதழும் கிடையாது. பிள்ளை தன் விருப்பப்படி, தன் வேகத்தில் கற்கட்டும் என்பது அவர்கள் கொள்கை. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் கேட்கும் உலகில் வாழும் நடுத்தரக் குடும்பம் அதற்குத் துணிய முடியுமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். லிசேயில் நடப்பது பிரான்சு நாட்டுப் பாடத்திட்டம். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்தெடுத்த குடும்பத்தாருக்கு அது பொருத்தமானது. அவர்களுக்குப் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையும் கிடைக்க வழியுண்டு. அத்தகைய குடும்பங்கள் நம் சமுதாயத்திலும், குறிப்பாகக் காரைக்கால் பக்கம், இருக்கின்றன. ஏனையோர் பெருமைக்காக அந்த வாசலை நாடினால், பிற்பாடு இந்தியக் கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் முன் பிள்ளை தடுமாறி நிற்க நேரிடும்.

மற்றப் பள்ளிகளில் பெரும்பாலும் இருப்பவை இரண்டே வழிகள்: தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டம், அல்லது சி.பி.எஸ்.இ. 'மெட்ரிக்' என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இன்னும் தனி மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்புக்கு இப்போது அடிப்படை குறைவு. தமிழ்நாடு 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் இயற்றியது. 2011 ஆகஸ்டு 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனைச் செயல்படுத்தப் பணித்தது. அது முதற்கொண்டு மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பத்தாம் வகுப்பு வரை பாடத்திட்டம் ஒன்றே. வேறுபடுவது கட்டடமும் பேச்சு மொழியும் கட்டணமுந்தான். புதுச்சேரிக்கெனத் தனித் தேர்வு வாரியம் கிடையாது. அங்குள்ள அரசுப் பள்ளிகளோ 2024–25ஆம் கல்வியாண்டில் முழுமையாக சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. ஆக, சி.பி.எஸ்.இ. என்பதும் பணக்காரர்களின் தனிச் சொத்தாக அங்கே இல்லை.

சேர்க்கைக்கு முன் தாயையும் தந்தையையும் உட்காரவைத்து ஆங்கிலத்தில் வினாத் தொடுப்பார்களாம். அதை எண்ணி இந்தச் சகோதரி இரவில் உறக்கமின்றித் தவிக்கிறார். பிளஸ் டூ வரை படித்தவர் அவர். சகோதரியே, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில், பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதைத் தடை செய்திருக்கிறது. நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதம் என்றும் அது கூறுகிறது. ஆயினும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014 மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் குறிப்பிட்டுள்ள பழைய பள்ளி கிறிஸ்தவ சபையைச் சார்ந்தது என்பதால் அந்த விலக்கு அதற்கு உண்டு. நம்மவர் நடத்தும் பள்ளிகளுக்கும் உண்டு. அந்த விலக்கின் நிழலில் நம் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் ஒதுக்குகின்றன என்று ஜமாஅத் பெரியவர்கள் ஒருமுறை கணக்குப் பார்த்தால் நல்லது.

இனி, மடலில் என்னை நிறுத்திய இடங்களுக்கு வருகிறேன்.

பள்ளி வேன் காலை 7 மணிக்கு வீட்டு வாசலுக்கு வரும் என்பதை ஒரு வசதியாக எழுதியிருக்கிறார். கடற்கரைச் சாலை வழியே கோட்டக்குப்பம், முத்தியால்பேட்டை நெரிசலைக் கடந்து, வழியெல்லாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமல்லவா? திரும்பி வர மாலை 5 மணி ஆகும். நான்கு வயதுப் பாலகன் பத்து மணி நேரம் வீட்டை விட்டுப் பிரிந்திருப்பான். சுப்ஹு தொழுகைக்குப் பின் ஹஜ்ரத்திடம் ஓதப் போகும் காலை நேரம் நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. பிள்ளைகள் அலிஃப், பே எழுத்துகளைச் சொல்லி முடித்து, வீட்டுக்கு வந்து பசியாறிவிட்டுப் பள்ளிக்கூடம் போவார்கள். 7 மணி வேன் அந்த நேரத்தை விழுங்கிவிட்டது. மஃரிபுக்குப் பின் ஓதலாமென்றால் வீட்டுப்பாடம் காத்திருக்கிறது. அல்லது பிள்ளை சோறு உண்ணும்போதே தூங்கி விழுகிறான். பின்னர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓதலாம் என்கிறோம். அன்றைக்குக் கல்யாண வீடு வந்துவிடுகிறது. படிவத்தில் கட்டணத்தை அச்சிட்டிருக்கிறார்கள். இந்த நேரத்தின் விலையை எவரும் அச்சிடுவதில்லை.

அச்சிட்ட கட்டணமும் சிறியதன்று. பள்ளிக் கட்டணம், வேன், சீருடை, புத்தகம் எல்லாம் சேர்த்து முதலாண்டுக்கு 90,000 ரூபாய் என்று கணக்கிட்டிருக்கிறார். எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை 14 ஆண்டுகள். ஆண்டுதோறும் ஒரு ரூபாய்கூட உயராது என்று வைத்துக்கொண்டாலும் 12,60,000 ரூபாய் ஆகிறது. கணவர் மாதம் அனுப்புவது 30,000. அதில் நான்கில் ஒரு பங்கு ஒரே பிள்ளையின் எழுத்தறிவிப்புக்குப் போய்விடும். சவூதி வேலை 14 ஆண்டு நிலைக்குமா? நாட்டின் விதி ஒன்று மாறினால் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நடுவில் பணம் நின்று, ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றப்படும் பிள்ளையின் மனத்துயரம் பெரிது.

முதலாண்டுப் பணத்துக்கு அவர் கண்டிருக்கும் வழி, நான்கு பவுன் சங்கிலியை வங்கியில் அடகு வைப்பது. வட்டியின் விலக்கை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவரே வருந்தி எழுதியிருக்கிறார். அதற்கடுத்த வரிதான் என்னைக் கலங்க வைத்தது. "அது மகளுக்காகச் சேர்த்து வைத்த நகை. அவள் இப்போது ஏழாம் வகுப்பு அரசுப் பள்ளியில் படிக்கிறாள். அவளுக்கு நாள் இருக்கிறது."

நான்கு பக்க மடலில் அந்தப் பெண்ணைப் பற்றிய செய்தி இவ்வளவே. அவள் நன்றாகப் படிப்பவளா, என்னவாக விரும்புகிறாள், வீட்டில் தமையன்மார் உண்டா, ஒன்றும் தெரியவில்லை. தம்பிக்கு எந்தப் பள்ளி என்று அம்மா மடல் எழுதும்போது அவள் பக்கத்தில் அமர்ந்திருந்தாளோ என்னவோ!

ஸஹாபி நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அவர் சிறுவராயிருந்தபோது தந்தை பஷீர் அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பை வழங்கினார். தாயார் அம்ரா பின்த் ரவாஹா அத்தோடு அமைதி அடையவில்லை. அண்ணலார் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்கினால்தான் எனக்கு மன நிறைவு என்றார். தந்தை சென்று விவரம் சொன்னார். மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். இல்லையென்ற மறுமொழி வந்ததும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடக்குமாறு பணித்து, அதற்குச் சாட்சியாக நிற்க மறுத்துவிட்டார்கள். தந்தை அன்பளிப்பைத் திரும்பப் பெற்றார். இந்த நிகழ்ச்சியில் நான் கவனிப்பது ஒன்று: அந்தத் தாய் கேட்டது தன் மகனுக்கு நன்மையாகவே. அன்பினால்தான் கேட்டார். நம் சகோதரியும் அன்பினால்தான் கேட்கிறார்.

இரு பிள்ளைக்கும் ஒரே தொகை செலவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. நோயாளிப் பிள்ளைக்கு மருந்துச் செலவு கூடும். அது அநீதி ஆகாது. ஆனால் ஒருவனுக்கு 12 லட்சம், மற்றவளின் சங்கிலியும் அவனுக்கே என்றால், அதை என்னவென்று சொல்வது?

அதற்காக மகளையும் உடனே அரசுப் பள்ளியிலிருந்து எடுத்துத் தனியார் பள்ளியில் சேர்த்துவிடாதீர்கள்! அவள் கையில் இருக்கும் உரிமை ஒன்று பலருக்குத் தெரியவில்லை. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. மறு ஆண்டில் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. எல்லைக்கு அப்பால் புதுச்சேரி அரசுப் பள்ளிக்கு மாற்றினாலும் இந்தத் தமிழ்நாட்டு உரிமை நழுவும். பொம்மையார்பாளையத்தார் இதைக் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் கிடைத்துள்ள 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்று கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. உங்கள் மகள் கல்லூரி வாசலை மிதிக்கும் ஆண்டில் அதன் விதிகளைக் கேட்டறியுங்கள். அவளுக்குத் தேவை ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் ஒரு நல்ல ஆசிரியையின் துணை, இரவில் படிக்க ஓர் அமைதியான மூலை, வீட்டு வேலையிலிருந்து தினம் இரண்டு மணி நேர விடுதலை. வேன் பணத்தில் பாதி போதும்.

நாட்டு முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்து 2006 நவம்பரில் அளிக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை, 6 முதல் 14 வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளியை மிதிக்காதவர் அல்லது இடையில் நின்றவர் என்று எழுதியது. ஏழாம் வகுப்பில் இருக்கும் ஒரு பெண் பிள்ளை, 'நாள் இருக்கிறது' என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தால், பத்தாம் வகுப்போடு பையை ஆணியில் மாட்டிவிடுவாள். ஆகவேதான் இவ்வளவு சொல்கிறேன்.

சரி, கேட்ட கேள்விக்கு மறுமொழி என்ன? நான்கு வயதில் இரண்டு பள்ளியும் வேண்டாம் என்பதே என் கருத்து. 5ஆம் வகுப்பு வரை, வீட்டிலிருந்து நடந்தோ பத்து நிமிடத்திலோ போகக்கூடிய பள்ளி போதும். தமிழ்நாட்டு எல்லைக்குள், சிறுபான்மையல்லாத தனியார் பள்ளி ஏதேனும் அருகில் இருந்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடத்துக்கு விண்ணப்பியுங்கள். தொடக்க வகுப்பில் மட்டுமே அந்த வாய்ப்பு உண்டு. காலையில் ஓதும் நேரமும் தப்பும்; சங்கிலியும் பெட்டியில் இருக்கும்.

ஆறாம் வகுப்பில் நகரப் பள்ளிக்கு அனுப்ப எண்ணினால், அப்போது இரண்டில் பழையதையே நான் தெரிவு செய்வேன். நீச்சல் குளம் ஆசிரியராகாது. ஆனால் முதலில் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் போய் நின்று, அழைத்துப் போக வரும் தாய்மாரிடம் பேசுங்கள். சென்ற ஆண்டு பாடம் நடத்திய ஆசிரியைகள் இவ்வாண்டும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். கழிப்பறையைப் பாருங்கள். மாடிப்படியின் அகலத்தைப் பாருங்கள். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்டதை நாம் மறந்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அனுமதி உண்டா, பெண் பிள்ளை தலையில் முக்காடு அணியலாமா என்பதைப் பணம் கட்டுமுன் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். 2022இல் கர்நாடகத்தில் முக்காடு தொடர்பாக எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இருவேறாகத் தீர்ப்பளித்தனர். படிப்பின் நடுவில் வாசலில் நிறுத்தப்பட்ட மாணவியர் பட்ட பாட்டை நாடே பார்த்தது.

சகோதரியே, கணவர் தொலைபேசியில் பேசும்போது இக்கணக்கு முழுவதையும் அவரிடம் சொல்லுங்கள். மகளும் அருகில் இருக்கட்டும். அடுத்த மடலை அவளே தன் கைப்பட எழுதட்டும். எந்தப் பாடம் பிடிக்கும், எது கடினம், எங்கே படிக்க ஆசை என்று எழுதச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், வரும் இதழில் அவளுக்கு மறுமொழி எழுதுகிறேன்.

வஸ்ஸலாம்.