உப்பும் கரியும் ஒரு கோல்ஃப் மைதானமும்

கோல்ஃப் மைதானத்தைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேச என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். போன மாதம் வரை நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. நகரத்தின் நடுவே நூறு ஏக்கர் புல்லை வளர்த்து, அதைச் சுற்றி மதில் எழுப்பி, வாசலில் காவலாளியை நிறுத்துகிற ஓர் ஆட்டத்தின் மேல் நம்மூரில் வளர்ந்த ஒருவனுக்கு என்ன பிரியம் வந்துவிட முடியும்? அந்த மனக்கசப்போடுதான் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ராயல் மஸல்பரோ கோல்ஃப் கிளப்பைப் பார்க்கப் போனேன். கசப்பு முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் அது வேறு இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

எடின்பரோவிலிருந்து கிழக்கே, ஃபோர்த் கழிமுகத்தை ஒட்டிச் செல்லும் சாலையில் மஸல்பரோவைக் கடந்தால் பிரெஸ்டன்பான்ஸ் வரும். அதற்குச் சற்று முன்பே பிரெஸ்டன்கிரேஞ்ச். சாலைக்கு இடப்புறம் கடல், வலப்புறம் மரங்கள். மரங்களுக்கு நடுவே கோபுரமும் முகடுமாக ஒரு பழைய மாளிகை. அதுதான் கிளப்பின் கட்டடம். கடல் இத்தனை அருகில் இருந்தும் உள்ளே போனதும் அது மறந்துவிடுகிறது. உயர்ந்த மரங்களின் வரிசைகளுக்கு இடையே பச்சைத் தடங்கள் நீள்கின்றன. எங்கோ பந்து அடிபடும் ஓசை ஒருமுறை கேட்கிறது. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. மரங்கள் விலகும் ஓரிரு இடங்களில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்றுக் கடல்.

ஆட்டக்காரர்கள் கோல்ஃப் மைதானங்களைப் பெரும்பாலும் இரண்டு சாதியாகப் பிரிப்பார்கள் (சாதி என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன்). ஒன்று லிங்க்ஸ்: கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே கிடக்கும் மணல்மேட்டுப் புல்வெளி. உழவுக்கு உதவாத நிலம். மரம் கிடையாது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும், ஊரார் துணி உலர்த்துவார்கள். இந்த ஆட்டம் வளர்ந்தது அங்கேதான். மற்றது பார்க்லாண்ட்: பிரபுவின் மாளிகையைச் சுற்றிய மரச்சோலையையோ, அதைப் பார்த்துச் செய்த ஒன்றையோ ஆடுகளமாக்கியது. லிங்க்ஸில் காற்று எதிரி. பார்க்லாண்டில் மரம் எதிரி. ஆனால் அடிப்படையான வேறுபாடு ஆட்டத்தில் இல்லை, நிலத்தின் உரிமையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய லிங்க்ஸ்களில் பல ஊர்ப் பொதுநிலங்கள். பார்க்லாண்ட் ஒருவருடையது.

ராயல் மஸல்பரோ கிளப் இந்த இரண்டிலும் வாழ்ந்திருக்கிறது. 1774இல் தொடங்கிய அதன் முதல் ஒன்றரை நூற்றாண்டு மஸல்பரோ கடற்கரை லிங்க்ஸில் கழிந்தது. அந்த ஒன்பது குழி மைதானம் குதிரைப் பந்தயத் திடலுக்கு உள்ளே இன்றும் இருக்கிறது. 1874க்கும் 1889க்கும் இடையில் ஓபன் போட்டி அங்கே ஆறு முறை நடந்தது. 1924இல் கிளப் பிரெஸ்டன்கிரேஞ்ச் சோலைக்குக் குடிபெயர்ந்தது. புதிய மைதானத்தை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ப்ரெய்ட். கழிமுகத்தின் எதிர்க்கரையான ஃபைஃபில் பிறந்த உழவுத் தொழிலாளியின் மகன், தச்சு வேலை கற்றவர், ஓபன் போட்டியை ஐந்து முறை வென்றவர். பொதுநிலத்தில் வளர்ந்த ஓர் ஆட்டத்தைப் பிரபுவின் சோலைக்குள் அமைத்துக் கொடுக்க உழவர் வீட்டுப் பிள்ளை வந்தார் என்பது தற்செயல்தான். இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை.

இனி அந்தச் சோலைக்கு வருவோம். அது எதனால் வந்தது? கரியால் வந்தது, உப்பால் வந்தது. நியூபாட்டில் மடத்துத் துறவிகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தக் கரையில் நிலக்கரி வெட்டினார்கள். பிரெஸ்டன்பான்ஸ் என்ற பெயருக்கே பாதிரிமார் ஊரின் உப்புக் கொப்பரைகள் என்றுதான் பொருள். தூத்துக்குடியைப் போல வெயில் காய்ச்சித் தரும் உப்பு இல்லை இது. அந்த வெயிலுக்கு ஸ்காட்லாந்தில் எங்கே போவது? இரும்புக் கொப்பரைகளில் கடல்நீரை ஊற்றி, அடியில் கரியை எரித்து, இரவும் பகலும் காய்ச்சி எடுத்த உப்பு. ஆகவே கரி வெட்டுகிறவனும் உப்புக் காய்ச்சுகிறவனும் ஒரே முதலாளியின் ஆட்கள்.

‘ஆட்கள்’ என்பது இங்கே நயத்துக்காகச் சொன்னதல்ல. 1606இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. முந்தைய எஜமானரின் எழுத்துபூர்வமான சான்று இல்லாமல் எந்தக் கரித் தொழிலாளியையும் உப்புத் தொழிலாளியையும் வேறு எவரும் வேலைக்கு எடுக்கக் கூடாது. தப்பிப் போனவன் திருடனாகக் கருதப்படுவான். அவன் திருடியது தன்னையே! நடைமுறையில் இது பரம்பரைக் கொத்தடிமையாக இறுகியது. குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்யும்போதே அதன் உழைப்புக்கு முன்பணம் கொடுத்து எழுதிக்கொள்ளும் வழக்கம்கூட இருந்தது. முறையற்ற சிறையடைப்புக்கு எதிரான 1701ஆம் ஆண்டுச் சட்டமும் இவர்களை வெளியே நிறுத்தியது. விடுவிப்பு 1775இல் தொடங்கி 1799இல்தான் முழுமையானது.

இந்த ஆண்டுகளைக் கிளப் தொடங்கிய ஆண்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1774இல் மஸல்பரோவின் கனவான்கள் வெள்ளிக் கோப்பைக்காக முதன்முதலாக ஆடியபோது, சில மைல் தொலைவில் பூமிக்கு அடியில் இருந்தவர்கள் சட்டப்படி சுதந்திர மனிதர்கள் அல்லர். அந்தக் கோப்பை உலகின் மிகப் பழைய கோல்ஃப் பரிசுகளில் ஒன்று என்று பெருமையோடு சொல்கிறார்கள். பெருமைக்குரியதுதான். பக்கத்தில் அந்த இன்னோர் ஆண்டையும் எழுதி வைத்தால் கோப்பை ஒன்றும் கறுத்துவிடாது.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த மாளிகையின் பெயர் அறிமுகமானதாக இருக்கலாம். ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘கேட்ரியோனா’ (1893) நாவலில் நிரபராதிக்குச் சாட்சி சொல்லத் துடிக்கும் இளைஞன் டேவிட் பால்ஃபர் போய் நிற்பது அரசின் தலைமை வழக்கறிஞரான பிரெஸ்டன்கிரேஞ்ச் பிரபுவின் முன்னால். கற்பனைப் பாத்திரம் அல்ல. வில்லியம் கிராண்ட் என்ற அந்த மனிதர்தான் இந்த எஸ்டேட்டின் உரிமையாளர். 1752இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தூக்குமேடைக்குப் போன வழக்கை நடத்தியவர். ஸ்டீவன்சன் அவரைக் கொடியவராக வரையவில்லை. இனிமையாகப் பேசுகிற, நியாயம் எது என்று தெரிந்த, தெரிந்தும் அரசியலுக்காக அதை ஒத்திப்போடுகிற மனிதர். இந்தச் சோலையின் தன்மையும் எனக்கு அப்படித்தான் பட்டது. மிக நாகரிகமான மௌனம்.

மஸல்பரோவின் மீனவப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. முதுகில் கூடை சுமந்து ஐந்தாறு மைல் நடந்து எடின்பரோவில் மீன் விற்றவர்கள். அருகிலுள்ள இன்வெரெஸ்க் தேவாலயத்தின் போதகர் அலெக்ஸாண்டர் கார்லைல் (தாமஸ் கார்லைல் அல்ல, அவருக்கு இரண்டு தலைமுறை மூத்தவர்) 1790களில் எழுதிய ஊர்க் குறிப்பில், இவர்கள் ஆண்களின் வேலையைச் செய்கிறார்கள், விடுமுறை நாட்களில் கோல்ஃப் ஆடுகிறார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். மணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஆண்டுதோறும் கால்பந்துப் போட்டி வேறு. எப்போதும் ஜெயிப்பது மணமானவர்கள்தானாம்.

1811 ஜனவரியில் இந்தப் பெண்களுக்காகக் கோல்ஃப் கிளப் ஒரு போட்டி வைத்தது. பெண்களுக்கென்று நடந்ததாக ஆவணம் உள்ள முதல் கோல்ஃப் போட்டி என்று ஆட்டத்தின் வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். பரிசு என்ன தெரியுமா? ஒரு புதிய மீன்கூடை. கூடவே இரண்டு பார்சிலோனா பட்டுக் கைக்குட்டைகள். கனவான்கள் தமக்கு வெள்ளிக் கோப்பை வைத்துக்கொண்டார்கள். மீன் விற்கிறவளுக்கு மீன்கூடை. இதைக் கனிவு என்பதா, கேலி என்பதா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். நல்ல கூடை அவளுக்கு உண்மையிலேயே பயன்படும். ஆனால் ஆட்ட நாளில்கூட அவள் யார் என்பதை அந்தப் பரிசு நினைவூட்டிவிடுகிறது. பட்டுக் கைக்குட்டையைச் சேர்க்கச் சொன்ன உறுப்பினர் யாரோ, அவர் மட்டும் கொஞ்சம் யோசித்திருக்கிறார். இன்னொன்றும் உண்டு. அதே வடிவக் கூடையில்தான் சுரங்கத்துப் பெண்கள் கரியை முதுகில் ஏற்றிப் படிகளில் சுமந்தார்கள். பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைச் சட்டம் தடுத்தது 1842இல்தான்.

அந்த 1811ஆம் ஆண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே கரையோரமாக இன்னும் சில மைல் கிழக்கே போனால் ம்யூர்ஃபீல்ட். 2016 மே மாதம், பெண்களை உறுப்பினராக்கலாமா என்று அங்குள்ள கிளப்பில் வாக்கெடுப்பு நடந்தது. 64 சதவீதம் பேர் ஆதரித்தும் மூன்றில் இரண்டு பங்கு தேவை என்ற விதியால் தீர்மானம் தோற்றது. ஓபன் போட்டி இனி அங்கே நடக்காது என்று அறிவித்த பிறகு, 2017 மார்ச்சில் மறுபடி வாக்களித்து 80 சதவீதத்துக்கும் மேலானோர் இணங்கினார்கள். கூடை சுமந்த பெண்கள் கோல்ஃப் ஆடியதற்கும் இதற்கும் இடையே இருநூறு ஆண்டுகள். கோல்ஃபின் வரலாறு படிப்படியாகத் திறந்துகொண்டே வந்த வரலாறு என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஊர்ப் பொதுநிலத்தில் யாரும் ஆடிய ஆட்டம் முதலில் மூடப்பட்டது. பிறகு மூடியவர்களே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு நன்றியும் எதிர்பார்க்கிறார்கள்.

ஆனால் பிரெஸ்டன்கிரேஞ்சின் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. என் கசப்பு தடுமாறியது அங்கேதான். 1958இல் இந்த மாளிகையை வாங்கியது எந்தக் கோடீஸ்வரரும் அல்ல. நிலக்கரித் தொழிலாளர்களின் சமூக நல நிறுவனம். யாருடைய முன்னோர் இந்த மண்ணுக்குக் கீழே கட்டுண்டு கிடந்தார்களோ அந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களின் அமைப்பு எஜமானரின் வீட்டையே வாங்கியது! எடின்பரோவின் தேசிய ஓவியக் காட்சிக்கூடத்தைக் கட்டிய வில்லியம் பிளேஃபேர் 19ஆம் நூற்றாண்டில் விரிவாக்கித் தந்த கூடங்கள் அவை. அங்கே சுரங்கத்துக்காரர்கள் கோல்ஃப் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். இதைப் பழிதீர்த்தல் என்று சொல்ல மாட்டேன். காலம் கடந்து கணக்குத் தீர்ந்ததாகவும் நினைக்கவில்லை. நான்கே ஆண்டுகளில், 1962இல், சாலைக்கு அப்பால் இருந்த சுரங்கமே மூடப்பட்டுவிட்டது. வீடு கைக்கு வந்தது, வேலை போய்விட்டது.

அதே 1962இல் மாளிகையில் ஒரு பொய்க்கூரையைப் பிரித்தபோது 1581ஆம் ஆண்டு என்று தேதியிட்ட ஓவிய விதானம் ஒன்று வெளிப்பட்டது. ரபலேயின் பெயரில் பாரிஸில் வெளிவந்த கோமாளி உருவங்களைப் பார்த்து வரைந்தவை, சில சற்று விரசமானவை. அதைக் கழற்றி எடின்பரோவின் மெர்கிஸ்டன் கோபுரத்தில் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டார்கள். நேப்பியர் பல்கலைக்கழக வளாகத்தில் அது இருக்கிறது.

சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது அருங்காட்சியகம். 1874இல் நிறுவிய கார்ன்வால் நீரிறைப்பு எந்திரத்தின் பெரிய இரும்பு விட்டம் கட்டடச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் மாரிசன்ஸ் ஹேவன் துறைமுகம் இருந்தது. அதைத் தூர்த்துவிட்டார்கள், இப்போது புல்தரை. ஆக, உழைப்பு அருங்காட்சியகத்துக்குள், ஓய்வு கிளப்புக்குள், கலை எடின்பரோவில். நடுவே ஒரு சாலை. அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் எந்திரத்தைப் பார்த்துவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்புகிறார்கள். ஆட வருகிறவர்கள் மரங்களுக்குள் மறைகிறார்கள். எனக்கு இருக்கும் குறை இதுதான். கோல்ஃப் ஆடுவது பிழை என்று சொல்ல வரவில்லை. ஒரே இடத்தை இப்படிக் கூறுபோட்டு வைத்திருப்பதால், அந்த மரங்கள் இயற்கையாக முளைத்தவை என்று நம்புவது மிகச் சுலபமாகிவிடுகிறது. எந்திரத்தைப் பார்த்தவர்கள் சாலையைத் தாண்டிச் சோலைக்குள்ளும் ஒரு சுற்று நடக்க வேண்டும். ஆடி முடித்தவர்கள் இந்தப் பக்கம் வந்து எந்திரத்தின் கீழ் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

அப்படி நடப்பதற்குச் சட்டத் தடை இல்லை. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, ஆட்டத்துக்கு இடையூறு செய்யாமல், குழி இருக்கும் மழித்த புல்வட்டங்களை மிதிக்காமல், கோல்ஃப் மைதானத்தை எவரும் குறுக்கே கடந்து போகலாம். படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். ஆனாலும் ஒரு தடத்தின் விளிம்புக்கு வந்ததும் கால் தயங்கி நின்றுவிட்டது. நம்மூர்க் காவலாளி எனக்குள்ளேயே நிற்கிறார் போலும். சற்றுத் தள்ளிப் பந்தை அடிக்கத் தயாராக நின்ற முதியவர் ஒருவர் என்னைப் பார்த்தார். மட்டையைத் தாழ்த்தி ஊன்றிக்கொண்டு, போங்கள் என்று கையசைத்தார். நான் அவசரமாக நடந்தேன். “மெதுவாகவே போங்கள், பந்து எங்கும் ஓடிப்போகாது” என்றார். நான் மறுபக்க மரங்களுக்குள் போய்ச் சேரும்வரை பின்னால் ஓசையே எழவில்லை. பிறகுதான் அடித்தார்.

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் நடுவயதுப் பெண்மணி ஒருவர் கோல்ஃப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். பேருந்து வந்ததும் பையை முதலில் ஏற்றி, பின்னால் ஏறி, எனக்கு எதிர் இருக்கையில் அமர்ந்தார். பை பெரிது, வளைவுகளில் சாயாமல் இருக்க முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டார். மஸல்பரோவில் இறங்கிப் போனார்.