சில்லுக்காக ஒரு சண்டை

சமீபத்தில் ஒரு கண்காட்சியில், கற்கருவிகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் ஓர் அப்பாவும் பையனும். இலை மாதிரி இருந்த கைக்கோடரியைக் காட்டி அப்பா, "இதைப் பாருடா, என்னா ஃபினிஷிங்!" என்றார். பையன் மூலையில் குவிந்திருந்த சின்னச் செதில்களைக் காட்டினான். "அது சும்மா சில்லு, விடு!"

அந்தச் 'சும்மா சில்லு'தான் என்னை உசுப்பிவிட்டது.

கற்கருவியை எடைபோட நம்மிடம் இருப்பது இரண்டே தராசு. ஒன்று, வயசு. 1863 மே 30-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்த நாளிலிருந்து 'எவ்வளவு பழசு?' என்பதுதான் முதல் கேள்வி. அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் அறிவித்தபோது மார்தட்டினோம். தட்டலாம், தப்பில்லை. ஆனால் தாத்தாவுக்கு வயசு தொண்ணூறு என்பதால் அவர் நல்ல தச்சர் ஆகிவிடுவாரா?

இன்னொன்று, அழகு. இதுதான் பெரிய ஏமாற்று. அம்மி வாங்கப் போகும் நம்ம ஊர் அம்மாக்கள்கூட வழவழப்பைப் பார்த்து மயங்க மாட்டார்கள். கொத்து இல்லாத அம்மியில் மிளகாய் வழுக்கும்!

விஷயம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது, அடி விழுந்த இடம். அதற்குக் கீழே சின்னப் புடைப்பு, அதிலிருந்து குளத்து அலை மாதிரி வளையங்கள். ஆறு உருட்டிய கல்லிலும் சில்லுப் பெயரும்; ஆனால் அதில் வரிசையோ திட்டமோ இருக்காது. கூர்மை மட்டும் போதாது சார். பிரேசிலில் கப்புச்சின் குரங்குகள் கல்லோடு கல்லை மோதுவதில் கூரான செதில்கள் விழுகின்றன என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள். குரங்கு அவற்றைச் சீந்துவதேயில்லை! அப்புறம்தான் மற்றவை: கல் பொடி மணியா, கரடா? விளிம்பு என்ன சாய்வு? நடுப்பகுதியை உடையாமல் மெலிதாக்க முடிந்ததா? எத்தனை அடி வீண்?

இப்போது அந்தச் சில்லுக்கு வருவோம். அத்திரம்பாக்கத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய கைக்கோடரிகள் குறைந்து, சிறிய செதில் கருவிகள் பெருகின என்று 2018-ல் அதே குழு காட்டியது. 'தொழில் தேய்ந்துவிட்டது' என்று தோன்றுகிறதா? தலைகீழ்! முதலில் மூலக்கல்லைச் சுற்றிலும் தட்டிப் பதமாக்க வேண்டும். விழப்போகும் செதிலின் வடிவத்தை முன்கூட்டியே மனசில் முடிவுசெய்ய வேண்டும். பிறகு ஒரே அடி. கோடரியில் ஒரு தப்பு அடியை அடுத்த அடியில் ஓரளவு சரிக்கட்டலாம். இங்கே அந்த ஒரு அடி பிசகினால் அத்தனை உழைப்பும் குப்பை. இவ்வளவு மூளையையும் மூலையில் கொட்டி வைத்திருந்தார்கள். கோடரிக்கு விளக்கும் விவரப் பலகையும். செதிலுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

பையன் விடவில்லை. "இதுல ஆப்பிள் வெட்டலாமாப்பா?"

அப்பா அவனை கேன்டீன் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். வெட்டலாம் தம்பி. புதுசாக உடைத்த அன்றைக்கு மான் தோலையே உரித்திருக்கும்.