எளிய நடைபாதைக்கு எல்லோரும் காவல்

ஞாயிற்றுக்கிழமை காலை மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பூங்காவின் வாசலில் சற்று நேரம் நின்றால் சிங்கப்பூர் குடும்பங்களின் எல்லா வயதினரையும் பார்த்துவிடலாம். ஓட்டப் பயிற்சிக்கு வந்த பள்ளி மாணவர்கள், முழங்கால் வலியோடும் நடையை விடாத முதியவர்கள், நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராவோடு பறவை தேடுபவர்கள், பிள்ளைகளுக்குக் குரங்கு காட்ட அழைத்து வந்த பெற்றோர். பேருந்தைவிட்டு இறங்கிச் சில நிமிடங்களில் காட்டுக்குள் நுழைந்துவிடலாம் என்பது இந்த நகரத்துக்குக் கிடைத்திருக்கும் அரிய வாய்ப்பு. நீர்க்கரையை ஒட்டி மரப்பலகை நடைபாதை செல்கிறது. அரை மணி நேரம் நடந்து திரும்பினாலும் மனம் நிறையும். தெம்புள்ளவர்கள் பத்து, பதினோரு கிலோமீட்டர் சுற்றி வரலாம்.

எளிய பாதை என்பதால்தான் இத்தனை பேர் வருகிறார்கள். அதனாலேயே நம் கவனமும் இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது. செங்குத்தான மலையில் ஏற்றமே கூட்டத்தைக் குறைத்துவிடும். பாதி வழியில் மூச்சு வாங்குபவர் திரும்பிவிடுவார். மெக்ரிட்சியில் அப்படி எந்தத் தடையும் இல்லை, இருக்கவும் கூடாது. தாத்தா பாட்டியும் தள்ளுவண்டிக் குழந்தையும் வர முடிகிற காடு இருப்பது பெருமைக்குரியது. ஆனால் ஏற்றம் செய்யாத வேலையை நடப்பவர்களின் கட்டுப்பாடுதான் செய்தாக வேண்டும். வேலி போட்டோ அபராதம் விதித்தோ மட்டும் அதைச் சாதிக்க முடியாது.

இந்த நீர்நிலை உருவானதிலும் பொதுமக்களின் பங்கு உண்டு. நகரத்துக்கு நல்ல குடிநீர் வேண்டும் என்பதற்காக 1857ல் டான் கிம் செங் என்ற வணிகர் 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். அணை 1868ல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதன் பிறகும் குழாய்கள் வழியே நகரத்துக்குத் தண்ணீர் வந்து சேரப் பத்து ஆண்டுகள் பிடித்தன. 1890களில் நீர்த்தேக்கத்தைப் பெரிதாக்கிய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயர் 1922ல் அதற்குச் சூட்டப்பட்டது. அந்த விரிவாக்கத்துக்கு முன்பே கம்பீர், மிளகுத் தோட்டங்களுக்காகத் தீவின் காடுகளில் பெரும்பகுதி அழிந்திருந்தது. தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த நத்தானியேல் கேன்ட்லி 1883ல் எழுதிய அறிக்கைக்குப் பிறகே காட்டை ஒதுக்கிப் பாதுகாக்கும் எண்ணம் வலுப்பெற்றது. இன்று நாம் நடக்கும் காட்டில் பெரும்பகுதி அழிந்து மறுபடி தழைத்தது. நடுநடுவே ஆதிக்காட்டின் திட்டுகள் எஞ்சியிருக்கின்றன. பழைய தோட்டங்களின் மிச்சமாக ரப்பர் மரங்களையும் சில இடங்களில் காணலாம். நூறு ஆண்டுகளுக்கு மேல் தண்ணீருக்காகக் காட்டை விட்டுவைத்ததால், தண்ணீரோடு காடும் நமக்குக் கிடைத்தது.

அந்தக் காடு நம் காலடியில் எப்படித் தேய்கிறது என்று பார்ப்போம். மழை பெய்த மறுநாள் மண்பாதையில் சேறு தேங்கியிருக்கும். முதலில் வருபவர் காலணி நனையாமல் ஓரமாக ஒதுங்கி நடப்பார். அடுத்தவர் அவர் தடத்தையே பின்பற்றுவார். நூறு பேர் கடந்ததும் அந்த ஓரமும் சேறாகிவிடும், அடுத்து வருபவர் இன்னும் ஓரடி தள்ளிக் கால் வைப்பார். ஓரத்தில் முளைத்திருந்த மரக்கன்றுகள் மிதிபட்டு மடிகின்றன. மிதித்து இறுகிய மண் மழைநீரை உறிஞ்சாது. உறிஞ்சாத நீர் ஓடையாகி மேல்மண்ணை அரித்து, வேர்களை வெளியே தள்ளி, வண்டலை நீர்த்தேக்கத்துக்கே கொண்டு போகிறது. நாம் குடிக்கும் தண்ணீரில் சேர்கிற மண் அது. இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஒவ்வொருவரும் ஒரே ஓர் அடிதான் விலகினார்கள். சேற்றில் நேராக நடப்பதுதான் சரி, காலணியை வீட்டில் கழுவிக்கொள்ளலாம் என்பதை நடைக்குழுத் தலைவர்கள் புறப்படும்போதே சொல்லிவிட்டால் பாதிச் சேதம் குறையும்.

குரங்குகளின் கதை இதைவிட வருத்தம் தருவது. நீண்ட வால் குரங்குகளுக்கு இந்தக் காட்டிலேயே பழமும் இலையும் பூச்சியும் கிடைக்கின்றன. மனிதக் கையிலிருந்து ரொட்டியும் வாழைப்பழமும் வரத் தொடங்கினால் அவை உணவு தேடும் வழக்கத்தை மாற்றிக்கொள்கின்றன. பிளாஸ்டிக் பை என்றால் தீனி என்று கற்றுக்கொள்கின்றன. பிறகு பையோடு வரும் குழந்தையை நோக்கிப் பாய்கின்றன. சாலையோரம் காத்திருந்து வாகனத்தில் அடிபடுகின்றன. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து புகார்கள் வருகின்றன, புகாருக்குப் பின் பிடிப்பதும் அகற்றுவதும் நடக்கின்றன. தொடங்கி வைத்தவர் யார்? அன்போடு ஒரு பழத்தை நீட்டியவர்.

அனுமனை வணங்கும் நம் வீடுகளில் குரங்குக்கு உணவிடுவது புண்ணியம் என்ற நினைப்பு உண்டு. அந்தப் பரிவை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் காட்டில் பசியோடு இருக்கும் குரங்குக்கு நாம் சோறு போடவில்லை. பசியில்லாத குரங்கை ஆபத்தில் தள்ளுகிறோம். 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி, விலங்குகளுக்கு உணவளித்து முதல்முறை பிடிபடுபவருக்கு 5,000 வெள்ளி வரையும் மீண்டும் செய்பவருக்கு 10,000 வெள்ளி வரையும் அபராதம் விதிக்கலாம். சட்டம் தேவைதான். என்றாலும், பேரனின் கையில் இருக்கும் பிஸ்கட்டைப் பையில் வைக்கச் சொல்லும் பாட்டி எல்லா நேரமும் பக்கத்தில் இருக்கிறார், அதிகாரி அப்படி இருக்க முடியாது.

டுரியான் பருவத்தில் விழுந்த பழம் தேடிப் பாதையைவிட்டு உள்ளே போவதும், வளர்க்க முடியாமல் போன சிவப்புக் காது ஆமையை நீர்த்தேக்கத்தில் விடுவதும் இதே வகைதான். அந்த ஆமை இந்த மண்ணுக்குரியது அல்ல. ஒன்று, பிழைக்க வழியில்லாமல் சாகும். அல்லது பிழைத்து உள்ளூர் உயிரினங்களின் இடத்தைப் பிடிக்கும். விசாக தினத்தை ஒட்டி இதைப் பற்றி ஆண்டுதோறும் விழிப்புணர்வு இயக்கம் நடக்கிறது. வாங்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

‘இவ்வளவு பேர் வரும் இடத்தில் ஒருமித்த கருத்து சாத்தியமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. சாத்தியம் என்பதற்கு இந்தக் காடே சாட்சி. குறுக்குத் தீவு ரயில் பாதை பற்றி 2013ல் அறிவிப்பு வந்தபோது, அது காட்டின் அடியில் போகக்கூடாது, சுற்றிப் போகட்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் வாதிட்டனர். சுற்றிப் போனால் சுமார் 200 கோடி வெள்ளி கூடுதல் செலவு, பயண நேரமும் கூடும் என்றது அரசாங்கம். இரு தரப்பும் பல ஆண்டுகள் பேசின. நிலத்தை ஆராய வனப்பகுதிக்குள் 72 துளைகள் இடுவதாக இருந்த திட்டம், அந்தப் பேச்சின் விளைவாக 16 துளைகளாகக் குறைந்தது. 2019 டிசம்பரில், நிலத்துக்கு அடியில் ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் நேர்வழியே செல்வதென முடிவானது. கேட்டது முழுவதும் ஆர்வலர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் பேசியிராவிட்டால் காட்டுக்கு நேர்ந்திருக்கும் சேதம் அதிகம். விட்டுக்கொடுக்க முடியாதது எது, மாற்றிக்கொள்ளக்கூடியது எது என்று பிரித்துப் பேசிய அந்தப் பொறுமையை, ரயில் பாதையைவிட மிகச் சிறிய நம் நடைபாதைப் பிணக்குகளிலும் காட்டலாம்.

ஓடுபவர்கள் நடப்பவர்களைச் சலித்துக்கொள்கிறார்கள், நடப்பவர்கள் ஓடுபவர்களை. குறுகிய பலகைப் பாதையில் நால்வர் கைகோத்து நடந்தால் பின்னால் வருபவருக்கு வழியில்லை. பின்னாலிருந்து குரல் கொடுக்காமல் பாய்ந்து கடந்தால் முதியவர் தடுமாறுவார். 2004ல் திறக்கப்பட்ட 250 மீட்டர் நீள மரஉச்சித் தொங்குபாலத்தில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அது ஒருவழிப் பாதை, எல்லோரும் அதை ஏற்று நடக்கிறார்கள். கீழே தரையில் அப்படி விதி போட முடியாத இடங்களில் ஒரு ‘மன்னிக்கணும்’, ஒரு ஒதுங்கல் போதும். கைப்பேசி ஒலிபெருக்கியில் பாட்டு வைப்பவரிடமும், குரங்குக்குப் பழம் நீட்டுபவரிடமும் நல்ல விதமாகச் சொல்லிப் பார்க்கலாம். உடனே படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவதால் அவர் வெட்கப்படுவார், காட்டின்மேல் அக்கறை கொள்ள மாட்டார்.

பொறுப்பு நடப்பவர்களோடு நின்றுவிடக் கூடாது. தேசியப் பூங்காக் கழகம் காட்டைச் சுற்றிலும் அரண் போலப் பூங்காக்களை அமைத்து வருகிறது. வின்சர் இயற்கைப் பூங்கா 2017லும் தாம்சன் இயற்கைப் பூங்கா 2019லும் திறக்கப்பட்டன. தாம்சனில் பழைய ஹைனானியர் கிராமத்தின் சிதைந்த சுவர்களுக்கிடையே நடக்கலாம். சிங்கப்பூரில் நூறுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ள ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் குரங்குகள் அங்கே நடமாடுகின்றன. அவை சாலையைக் கடக்கக் கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டிருக்கின்றன, பக்கத்துச் சாலையின் ஒரு தடமும் குறைக்கப்பட்டிருக்கிறது. வாகன ஓட்டிகள் அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டதும் இதில் ஒரு பங்களிப்பே. விடுமுறை நாளில் மெக்ரிட்சி நிரம்பி வழியும்போது இந்தப் பூங்காக்களின் பக்கம் குடும்பங்கள் திரும்ப வேண்டும். அதற்கு ஏற்ற பேருந்து வசதியும், முதியவர்களுக்கான இருக்கையும், நான்கு மொழிகளிலும் தெளிவான அறிவிப்புகளும் அங்கே இருப்பதைக் கழகம் உறுதிசெய்ய வேண்டும். தமிழ் அமைப்புகளும் கோயில்களும் தங்கள் முதியோர் குழுக்களுக்கு வழிகாட்டியோடு கூடிய நடைகளை ஏற்பாடு செய்யலாம். மரத்தின் பெயரும் பறவையின் பெயரும் தமிழில் தெரிந்துகொண்டவர் அடுத்த முறை பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்வார்.

இன்னொன்றுக்கும் நாம் தயாராக இருக்க வேண்டும். புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியில் மண் அரிப்பும் பாதைத் தேய்மானமும் முற்றியதால் 2014 செப்டம்பரில் அதை மூட வேண்டியிருந்தது. வார இறுதிகளில் மட்டும் ஓரளவு திறந்துவிட்டார்கள், முழுமையாகத் திறக்க 2016 அக்டோபர் ஆனது. மெக்ரிட்சியின் பாதைகளில் பகுதி பகுதியாகப் பழுது பார்க்க முன்கூட்டியே சில வாரங்கள் மூடினால் அவ்வளவு நீண்ட மூடலைத் தவிர்க்கலாம். கழகம் அந்த அட்டவணையை ஆண்டுத் தொடக்கத்திலேயே வெளியிடட்டும். தடுப்புக் கட்டையைக் கண்டால் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகாமல், ஓட்டக் குழுக்களும் நடைக்குழுக்களும் அன்றைய வழியை மாற்றிக்கொள்ளட்டும். ஜூன் பள்ளி விடுமுறை அதற்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.