கன்பூசியஸ் முதலில் அரசனைத்தான் கேட்டார்

சீனாவின் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் 2013 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகள் அவர்களை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் அல்லது நலம் விசாரிக்க வேண்டும் என்றது அதன் 18ஆவது பிரிவு. அன்றைய தினமே ஜியாங்சு மாகாணத்தின் வூஷி நகர நீதிமன்றத்தில் முதல் தீர்ப்பு வந்தது. வழக்குத் தொடுத்தவர் 77 வயதுத் தாய். எதிர்த் தரப்பில் அவருடைய மகள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மகள் தாயைப் பார்க்கச் செல்ல வேண்டும், பண்டிகை நாட்களில் சிலவற்றையும் அவரோடு கழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

பெற்றோரைக் காக்கும் சட்டங்கள் மற்ற நாடுகளிலும் உண்டு. சிங்கப்பூரில் 1995இலும் இந்தியாவில் 2007இலும் அவை வந்தன. ஆனால், அவற்றின் மையம் ஜீவனாம்சம். பணம் கொடுக்க வைப்பது. வந்து முகம் காட்டு என்று கட்டளையிடும் துணிவு சீனச் சட்டத்துக்கு இருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையான கன்பூசியச் சிந்தனை நவீன வாழ்க்கைக்குள் இறங்கி வந்துவிட்டதாகப் பலரும் இதைப் பாராட்டினார்கள். எனக்கு அந்தப் பாராட்டில் உடன்பாடு இல்லை. கன்பூசியஸும் அவர் வழி வந்தவர்களும் இப்படியொரு வழக்கை எப்படி அணுகினார்கள் என்பதற்கு அவர்களுடைய நூல்களிலேயே சான்று இருக்கிறது. அது வேறு திசையைக் காட்டுகிறது.

கன்பூசிய மரபின் மூன்றாவது பெரிய சிந்தனையாளர் சுன்ட்சி. அவர் பெயரில் உள்ள நூலின் 28ஆவது அத்தியாயத்தில் ஒரு கதை வருகிறது. லூ நாட்டில் கன்பூசியஸ் நீதித் துறை அமைச்சராக இருந்தபோது ஒரு தந்தைக்கும் மகனுக்கும் வழக்கு வந்தது. கன்பூசியஸ் மகனைக் காவலில் வைத்தார்; மூன்று மாதம் தீர்ப்பே சொல்லவில்லை. பிறகு, வழக்கைக் கைவிடுவதாகத் தந்தையே வந்து சொல்ல, மகனை விடுவித்துவிட்டார். நாட்டின் உண்மையான அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த ஜி குடும்பத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. பெற்றோரைப் பேணுவதுதான் ஆட்சிக்கு அடிப்படை என்று போதித்தவர், பெற்றோரை மதிக்காத ஒருவனைக் கொன்று ஊருக்குப் பாடம் கற்பிக்காமல் விட்டுவிட்டாரே என்று குறைப்பட்டார். கன்பூசியஸ் பெருமூச்சு விட்டுச் சொன்ன பதிலின் சாரம் இது: மேலே இருப்பவர்கள் தம் கடமையில் தவறிவிட்டுக் கீழே இருப்பவர்களைக் கொல்வது எப்படி நியாயமாகும்? மக்களுக்கு எதையும் கற்றுத் தராமல் அவர்கள் வழக்கை விசாரித்துத் தண்டிப்பது குற்றமற்றவரைக் கொல்வதற்குச் சமம். காலம் பாராமல் வரி பிடுங்குவதையும் அதே பேச்சில் அவர் கொடுமை என்கிறார்.

இது உண்மையில் நடந்ததா, பின்னாளில் புனையப்பட்டதா என்பது ஆய்வாளர்களின் கேள்வி. ஆனால், கன்பூசியஸின் வழியினர் தம் ஆசானை எப்படி நினைவில் வைக்க விரும்பினார்கள் என்பதில் ஐயமில்லை. பிள்ளை தவறினான் என்றதும் அவர்களின் ஆசான் முதலில் திரும்பிப் பார்த்தது அரசனைத்தான்.

அதே மரபின் இரண்டாவது பெரிய சிந்தனையாளரான மென்சியஸ் இதை இன்னும் விரிவாகச் சொன்னார். கி.மு. 4ஆம் நூற்றாண்டு, போரிடும் அரசுகளின் காலம். லியாங் நாட்டு அரசன் ஹுயி, பஞ்சம் வந்தால் ஒரு பகுதியின் தானியத்தை இன்னொரு பகுதிக்கு அனுப்புகிறேனே, அண்டை அரசர்கள் எவரும் இவ்வளவு அக்கறை காட்டுவதில்லையே, அப்படியும் என் குடிமக்கள் எண்ணிக்கை ஏன் பெருகவில்லை என்று கேட்கிறான். மென்சியஸ் அறிவுரையோடு நிற்காமல் கணக்கும் போட்டுக் காட்டுகிறார். ஐந்து மூ (சீன நில அளவு) மனையில் முசுக்கொட்டை நட்டால் ஐம்பது வயதானவர் பட்டு உடுத்தலாம். கோழியும் பன்றியும் பெருகும் பருவத்தைக் கெடுக்காமல் இருந்தால் எழுபது வயதானவர் இறைச்சி உண்ணலாம். நூறு மூ நிலத்தில் உழைக்கும் குடும்பத்தின் விவசாய நேரத்தை அரசன் பறிக்காமல் இருந்தால் வீட்டில் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். இவ்வளவும் நடந்த பிறகு பள்ளிகள் அமைத்துப் பெற்றோரைப் பேணும் பண்பைக் கற்றுக்கொடுங்கள். நரைத்த தலையோடு சாலையில் சுமை தூக்குபவரை அப்புறம் பார்க்க முடியாது என்கிறார்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் மனை, அடுத்து நிலம், அடுத்து நேரம், அதற்கும் பிறகுதான் ஒழுக்கப் பாடம். உழவு நாளில் ஆளைப் பிடித்துக்கொண்டு போய்ப் போரிலும் கோட்டை கட்டும் வேலையிலும் நிறுத்திவிட்டு, அவன் தாய் தந்தையைப் பட்டினி போட்டான் என்று அரசன் குற்றம் சாட்ட முடியாது. ச்சி நாட்டு அரசன் சுவானிடம் மென்சியஸ் இன்னும் கடுமையாகப் பேசுகிறார். நிலையான வாழ்வாதாரம் இல்லாத மக்களிடம் நிலையான மனம் இருக்காது. அவர்கள் தவறு செய்யும்வரை விட்டுவிட்டுப் பிறகு தண்டிப்பது மக்களுக்கு வலை விரிக்கும் செயல் என்கிறார்.

இன்றைய சீனத்தில் மென்சியஸ் சொன்ன ‘நேரம்’ யாரிடம் இருக்கிறது? அந்நாட்டின் தொழிலாளர் சட்டப்படி நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை; மிகைநேர வேலை மாதத்துக்கு 36 மணியைத் தாண்டக் கூடாது. தொழில்நுட்ப நிறுவனங்களில் வேரூன்றியதோ ‘996’ என்ற வழக்கம்: காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, வாரத்தில் ஆறு நாள். 2019இல் அலிபாபா நிறுவனர் ஜாக் மா, அப்படி உழைக்கக் கிடைப்பது பெரும் பேறு என்றார். அது சட்டவிரோதம் என்று உச்ச மக்கள் நீதிமன்றம் தெளிவாகச் சொல்ல 2021 ஆகஸ்ட் ஆனது. ஓராண்டு நிறைந்து பத்தாண்டு நிறையாத பணி அனுபவம் உள்ளவருக்குச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு ஐந்து நாள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கிராமத்துக்கு ரயிலேறிப் போய்வரவே அதில் பாதி தீர்ந்துவிடும்.

கிராமப்புறப் பதிவு பெற்ற தொழிலாளர்களின் நிலை இன்னும் கடினம். 2023 கணக்குப்படி அவர்கள் 29 கோடிக்கு மேல். அவர்களில் சொந்த வட்டாரத்தைவிட்டு வெளியே வேலை பார்ப்போர் மட்டும் 17 கோடிக்கு மேல். 1958இல் சட்ட வடிவம் பெற்ற ‘ஹுகோவ்’ குடும்பப் பதிவு முறை, பிறந்த ஊரோடு கல்வியையும் மருத்துவத்தையும் நலத்திட்டங்களையும் முடிச்சுப் போட்டது. பல தளர்வுகள் வந்த பின்னும் ஷாங்காயிலோ பெய்ஜிங்கிலோ உழைக்கும் கிராமத்துப் பெண், பெற்றோரைத் தன்னோடு அழைத்துவந்து வைத்துக்கொள்வது எளிதல்ல. 1980இலிருந்து 2015 முடியும்வரை அமலில் இருந்த ஒரு குழந்தைக் கொள்கை இன்னொரு சுமையை ஏற்றியது. அண்ணன் தம்பி என்று பகிர்ந்துகொள்ள யாருமில்லாத கணவனும் மனைவியும் நான்கு முதியவர்களுக்குப் பொறுப்பு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 26.4 கோடி.

கிராமத்து முதியவரின் கையில் என்ன இருக்கிறது? 2009இல் கிராமப்புற ஓய்வூதியத் திட்டம் தொடங்கியபோது மத்திய அரசு வகுத்த குறைந்தபட்ச அடிப்படைத் தொகை மாதம் 55 யுவான். 2024இல் அது 123 யுவான். நகரத்து ஊழியர்களின் சராசரி ஓய்வூதியம் இதைப் போல் பல மடங்கு. அந்த நகரங்களைக் கட்டியவர்கள், கிராமங்களிலிருந்து தானியம் அனுப்பியவர்கள் இதே முதியவர்கள்தாம். ‘பட்டும் இறைச்சியும்’ என்று மென்சியஸ் கேட்டது ஆடம்பரத்தை அல்ல; உழைத்து ஓய்ந்த உடம்புக்குக் கதகதப்பையும் சத்தையும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் அரசின் முன்னால்தான் நிற்கிறது.

பெற்றோரைப் பேணுதலைத் தண்டனையால் வரவழைக்கும் மரபு சீனத்துக்குப் புதிதல்ல என்பதும் உண்மை. தாங் வம்சச் சட்டத் தொகுப்பு, பெற்றோருக்குச் செய்யும் துரோகத்தைப் பத்து மாபாதகங்களில் ஒன்றாக வைத்தது. யுவான் வம்சக் காலத்தில் உருவான ‘இருபத்து நான்கு நற்பிள்ளைகள்’ கதைத் தொகுப்பில், தாய்க்கு உணவு போதவில்லை என்பதற்காகத் தன் குழந்தையைப் புதைக்கத் துணிந்த குவோ ஜு என்பவனும் உதாரண புருஷன். சிறுவனாக இதைப் படித்தபோது தனக்கு ஏற்பட்ட அச்சத்தை லூ சுன் பின்னாளில் எழுதியிருக்கிறார்: வீட்டில் வறுமை வந்து தன் தந்தையும் நற்பிள்ளையாகிவிட்டால் புதைபடப் போவது யார்? நவீன சீன இலக்கியத்தின் தலைமகன் கன்பூசியத்தின் மீது கொண்ட கோபத்துக்கு இத்தகைய கதைகளும் காரணம். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். பேரரசுகள் கன்பூசியஸிடமிருந்து பிள்ளையின் கடமையை எடுத்துக்கொண்டன. அரசனின் கடமையை வசதியாக விட்டுவிட்டன. 2012இல் அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பு பங்கெடுத்து வெளியிட்ட புதிய இருபத்து நான்கு நெறிகள் மென்மையானவை. பெற்றோருக்கு இணையம் கற்றுக்கொடுங்கள், வாரந்தோறும் தொலைபேசியில் பேசுங்கள் என்றெல்லாம் அதில் உண்டு. நல்லவைதான். ஆனால் இருபத்து நான்கும் பிள்ளையைப் பார்த்தே பேசுகின்றன.

வீட்டுக்குள் என்று வரும்போது கன்பூசியஸ் கேட்டதை எந்த நீதிமன்றமும் வாங்கித் தர முடியாது. ‘லுன்யூ’ உரையாடல் தொகுப்பின் இரண்டாம் பகுதியில் பெற்றோரைப் பேணுவது எப்படி என்று நான்கு பேர் அடுத்தடுத்துக் கேட்கிறார்கள்; நால்வருக்கும் நான்கு பதில். சீடர் ஸீயூவிடம், சோறு போடுவதை மட்டும் கடமை என்று எண்ணாதே, நாய்க்கும் குதிரைக்கும்கூட அது கிடைக்கிறது என்கிறார். இன்னொரு சீடர் ஸீசியாவிடம், ஓடியாடி வேலை செய்வதும் நல்ல உணவை முதலில் பெரியவருக்கு வைப்பதும் பெரிதில்லை, கடினமானது முகம்தான் என்கிறார். எரிச்சல் இல்லாத முகம், வந்த கடனுக்கு உட்கார்ந்திருக்காத முகம். அவரவர் குறை எதுவோ அதற்கேற்ற பதில் என்று பழைய உரையாசிரியர்கள் விளக்குவார்கள். ஒரு பொது விதியை எல்லோர் மீதும் ஏற்றாத இந்தப் பழக்கமே அன்றாட வாழ்க்கைக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உத்தரவுக்குப் பயந்து வந்து, கைபேசியைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும் பிள்ளையால் அந்தத் தாய்க்கு என்ன ஆறுதல் கிடைக்கும்? தண்டனையால் ஆண்டால் மக்கள் தப்பிக்கும் வழியைத்தான் கற்றுக்கொள்வார்கள், வெட்கத்தைக் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று சொன்னவரும் அவரே.

இன்னொன்றும் உண்டு. பெற்றோர் இருக்கும்போது தொலைதூரம் போகாதே என்று அவர் சொன்னது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. போக நேர்ந்தால் எங்கே போகிறாய் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்ற பின்பாதி பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. பிழைப்புக்காகப் போக வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. குவாங்டோங் ஆலையிலிருந்து இரவு வேலை முடிந்து ‘வீசாட்’ காணொளி அழைப்பில் தாயிடம் பேசும் மகன் இந்தப் பின்பாதியைத்தான் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறான். அவனைக் கடமை தவறியவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பண்டைச் சீனத் தத்துவம் என்றாலே இன்று புத்தகக் கடைகளில் மன அமைதிக்கான மருந்தாகக் கிடைக்கிறது. 2006இல் யூ தான் என்ற பேராசிரியர் சீன அரசுத் தொலைக்காட்சியில் லுன்யூ பற்றி ஆற்றிய உரைகள் நூலாகிப் பெரும் விற்பனை கண்டன. உள்ளத்தைத் தேற்றும் கன்பூசியஸ் அதில் இருந்தார். அதனால் பலன் பெற்றவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், அமைதியின் உருவமாக விற்கப்படும் பண்டைச் சிந்தனையாளர் லாவோ ட்சுவின் நூலேகூட, மக்கள் பசித்திருப்பதற்கு மேலே இருப்பவர்கள் விழுங்கும் வரியே காரணம் என்று 75ஆவது அத்தியாயத்தில் சொல்கிறது. அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டுப் படித்தால் நமக்குக் கிடைப்பது தூக்க மாத்திரைதான்.

வூஷி தீர்ப்புக்கு அடிப்படையான அதே 18ஆவது பிரிவில் இன்னொரு வாசகமும் இருக்கிறது. பெற்றோரைப் பார்க்கப் போகும் ஊழியரின் விடுப்பு உரிமையை நிறுவனங்கள் அரசு விதிகளின்படி உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அது. அந்த விதிகள் 1981இல் வகுக்கப்பட்டவை. மணமாகாதவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை 20 நாள், மணமானவருக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 20 நாள். அரசு அலுவலகங்களுக்கும் அரசு நிறுவனங்களுக்கும்தான் அவை பொருந்தும். ஹெனான், ஃபுஜியான் போன்ற மாகாணங்கள், ஒரே பிள்ளையாகப் பிறந்தவருக்குப் பெற்றோர் மருத்துவமனையில் இருக்கும்போது தனி விடுப்பு அளிக்க விதி செய்திருக்கின்றன. அதைத் தர மறுக்கும் முதலாளியிடம் வழக்காடித்தான் பெற வேண்டும் என்றால் வேலை போய்விடும் என்ற பயத்தில் பலர் கேட்கவே மாட்டார்கள். 1981இன் விதியைத் தனியார் ஆலைக்கும் கட்டுமானத் தளத்துக்கும் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞருக்கும் நீட்டிக்க வேண்டும். விடுப்பு மறுக்கும் நிறுவனத்துக்கு அபராதம் வேண்டும். கிராமத்து முதியவரின் மாதத் தொகை நகரத்து ஓய்வூதியத்தை நோக்கி ஆண்டுதோறும் கணிசமாக நகர வேண்டும். இவை நடக்கும்வரை, தாயைப் பார்க்க வராத மகளைக் கூண்டில் ஏற்றும் நீதிபதி, கன்பூசியஸைப் போல மூன்று மாதம் காத்திருப்பதே முறை.