சரித்திரச் சீட்டாட்டத்தில் விதிப் பிணக்கு

விளையாட்டில் தோல்வியுறுதல் ஒருவனுக்கு இழுக்கன்று. தோல்வியைத் தவிர்த்தற்பொருட்டு விதியை வளைத்தலே இழுக்காம். இதனை ஒப்பாதார் இலர். ஆயினும், விதியை வளைப்பவன் தான் வளைப்பதாக எண்ணுவதில்லை. நியாயத்தை நிலைநாட்டுவதாகவே எண்ணுகின்றான். சரித்திர புருஷர்களைக் கொண்டு ஆடும் சீட்டாட்டங்களில் இம்மயக்கம் பெரிதும் உண்டு. அதனைத் தீர்க்கும் வகை குறித்து மாணவ அன்பர்கட்குச் சில கூற விழைகின்றேன்.

சீனத் தொடர்பியல் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஹுவாங் காய் என்பார் தம் மாணவப் பருவத்திலேயே வகுத்ததும், 2008இல் வெளிவந்ததுமாகிய ‘சான்குவோஷா’ என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். சீனத்தில் மூன்று அரசுகள் நிலவிய கி.பி. 220 முதல் 280 வரையிலும், அதற்குச் சற்று முன்னரும் வாழ்ந்த வீரரும் அமைச்சரும் இதில் பாத்திரங்கள். ஒவ்வொருவர் சீட்டிலும் அவரவர்க்குரிய தனித்திறன் எழுதப்பட்டிருக்கும். அமைச்சர் ஜூகே லியாங்கின் கையில் சீட்டொன்றும் இல்லாதபோது, தாக்குதற் சீட்டையோ போட்டிப்போர்ச் சீட்டையோ அவர்மீது ஏவலாகாது. ‘வெறுநகர்’ என்பது அத்திறனின் பெயர். நகரின் வாயில்களைத் திறந்துவைத்து, தாம் மதில்மேல் அமர்ந்து யாழ் மீட்டிப் பகைவன் சிமா யியை அவர் மருட்டி ஓட்டினார் என்னுங் கதையிலிருந்து எழுந்தது அது.

பிணக்கு எழுவது இங்கேதான். ஒருவர் ‘தென்னாட்டார் படையெடுப்பு’ என்னுஞ் சீட்டை இடுகின்றார். ஏனையோர் ஒவ்வொருவரும் தாக்குதற் சீட்டொன்றைக் காட்டல் வேண்டும். காட்டாதார் ஓருயிர் இழப்பர். வெறுங்கையராய் இருக்கும் ஜூகே லியாங் இழப்பாரோ, இழவாரோ? “பெரும்படையையே வெறுநகரால் விரட்டியவரைத் தென்னாட்டார் என் செய்வர்?” என்பான் ஒருவன். “225இல் தென்னாட்டை அடக்கியவரே அவரன்றோ?” என்று மற்றொருவன் துணைநிற்பான். கேட்குங்கால் இனிதாகவே இருக்கும்.

ஆயின், சரித்திரத்தைச் சாட்சியாக அழைப்போர் அச்சாட்சியையும் ஆராய்தல் வேண்டும். மூன்று அரசுகளின் வரலாற்றுக்கு 429இல் உரைகண்ட பெய் சோங்சி, இவ்வெறுநகர்க் கதையை ஏற்றாரல்லர். அக்காலத்துச் சிமா யி வேறிடத்தில் இருந்தார் என்று காட்டி மறுத்தனர். அக்கதையை உலகறியச் செய்தது பிற்காலத்து நவீனமே. இங்ஙனம் சரித்திரமே வழக்கிற்குரியதாய் இருக்க, அதனைக்கொண்டு மற்றொரு வழக்கைத் தீர்த்தல் எங்ஙனம் கூடும்?

ஆகவே, முதற்பிரமாணம் சீட்டில் எழுதிய சொல்லேயாம். தாக்குதல், போட்டிப்போர் என இரண்டே அங்குக் கூறப்பட்டன. மூன்றாவதை நாம் சேர்த்தலாகாது. பின்னர் வந்த தொகுதியொன்றில், தென்னாட்டுத் தலைவன் மெங் ஹுவோவுக்கு இப்படையெடுப்பால் தீங்கில்லை என்று வெளிப்படையாகவே எழுதியுள்ளனர். வேண்டிய இடத்து எழுதத் தெரிந்தவர் மற்றோரிடத்து எழுதாது விட்டமையும் ஒரு தீர்ப்பேயன்றோ?

இரண்டாவது, பொதுவிதியும் சிறப்புவிதியும் மாறுபடின் சிறப்பே வெல்லும். ஒரு முறையில் ஒரு தாக்குதலே இடலாம் என்பது பொதுவிதி. ஜாங் ஃபெய் எத்தனையும் இடலாம் என்பது சிறப்பு. மூன்றாவது, இருவர் திறன்கள் ஒருங்கே எழுமாயின், எவர் முறை நடக்கின்றதோ அவரிலிருந்து இருக்கை வரிசைப்படி செல்லல் வேண்டும். புரட்டிய தீர்ப்புச் சீட்டை மாற்றும் வல்லமை சிமா யிக்கும் ஜாங் ஜியாவோவுக்கும் உண்டு. பின்னர் மாற்றுபவர் சீட்டே நிலைக்குமாதலின், வரிசையை ஒட்டியே வெற்றி தோல்வி அமையும்.

இவற்றாலும் தீராத பிணக்கு நேரின் யாது செய்வது? ஆட்டந் தொடங்குமுன்னரே, விதியறிந்த ஒருவரை நடுவராக ஒப்புக்கொள்க. அவர் தீர்ப்பு தவறெனத் தோன்றினும் அவ்வாட்டம் முடியுந்துணையும் நிற்கட்டும். முடிந்தபின், எவர்க்கும் ஊதியமும் இழப்பும் இல்லாத அவ்வேளையில், விதிநூலை விரித்து ஆராய்ந்து, கண்ட முடிவை அடுத்த ஆட்டத்திற்கென எழுதிவைத்துக்கொள்க.

“பொழுதுபோக்கிற்கு இத்துணை நீதிமன்றம் எதற்கு?” என்று நகைப்பார் உளர். அவர்கட்கு ஒன்று கூறுவேன். விதி ஆளாத மேசையில் உரத்த குரல் ஆளும். மூத்த வகுப்பான் சொல்லே சட்டமாகும். புதிதாக வந்த இளைய மாணவன் இரண்டு நாள் பொறுப்பான். மூன்றாம் நாள் வாரான். அவன் இழந்தது ஆட்டத்தை மட்டுமன்று, தோழமையையும் ஆம். தனக்குப் பாதகமான விதியையும் தானே எடுத்துரைக்கும் மாணவன் ஒருவன் இருப்பின், அம்மேசையில் நடுவருக்கு வேலை குறையும். இளையவனும் அச்சமின்றி அமர்வான். அத்தகையார் நம்மிடைப் பல்குவாராக.