உடம்பு இளைக்கும் ஊசி: விலை இறங்கியது... வீரியமும் இறங்குமா?

பணக்கார வீட்டு ஊசி என்று பேசப்பட்டு வந்த எடை குறைப்பு ஊசி இப்போது சாதாரண ஜனங்களின் வாயிலும் அடிபட தொடங்கி விட்டது. "பாதி விலைக்கு வந்துடுச்சாமே, போட்டுக்கலாமா?" என்பதுதான் டீக்கடை பேச்சு. "அது கம்பெனி ஊசி இல்ல, ஜெனரிக். அதுல வேலை செய்யுமா?" என்று அடுத்த கேள்வியும் கூடவே வருகிறது. இரண்டு கேள்வியும் நியாயமானதுதான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

செமாகுளுடைட் என்பதுதான் இந்த மருந்தின் பெயர். டென்மார்க் நாட்டின் நோவோ நார்டிஸ்க் கம்பெனி கண்டுபிடித்தது. சர்க்கரை நோய்க்கு 'ஓசெம்பிக்' என்ற பெயரிலும், எடை குறைப்புக்கு 'வீகோவி' என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. உள்ளே இருக்கும் மருந்து இரண்டிலும் ஒன்றேதான். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன் போல இது வேலை செய்கிறது. வயிறு நிறைந்து விட்டது என்று மூளைக்கு சேதி சொல்லும். இரைப்பை காலியாவதை தாமதப்படுத்தும். பசி அடங்குவதால் சாப்பாடு குறைகிறது. சாப்பாடு குறைவதால் எடை இறங்குகிறது. வாரத்துக்கு ஒரு ஊசி போட்டால் போதும்.

2021-ம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 1,961 பேருக்கு இந்த ஊசியையும், மருந்து இல்லாத வெறும் ஊசியையும் பிரித்து போட்டு பார்த்தார்கள். 68 வாரம் கழித்து மருந்து போட்டவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் இறங்கியது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான். 90 கிலோ ஆள் என்றால் ஒருவருக்கு 13 கிலோ, இன்னொருவருக்கு 2 கிலோ என்று கணக்கு போட்டுக் கொள்ளலாம்.

5 மாதத்துக்கு ரூ.1 லட்சம்

2025 ஜூன் மாதம் வீகோவி இந்தியாவுக்கு வந்தபோது விலையை கேட்டே பலர் தலை சுற்றி போனார்கள். முதல் 3 அளவுகளுக்கு மாதம் ரூ.17 ஆயிரத்து 345. நான்காவது அளவுக்கு ரூ.24 ஆயிரத்து 280. முழு அளவுக்கு ரூ.26 ஆயிரத்து 15. மாதம் ஒரு படி ஏற்றி ஏற்றித்தான் போட வேண்டும் என்பதால், முழு அளவை தொடும் 5-வது மாதத்துக்குள் ஊசிக்கு மட்டும் ரூ.1 லட்சத்து 2 ஆயிரத்து 330 காலி. டாக்டர் பீஸ், ரத்த பரிசோதனை எல்லாம் தனி. பனியன் கம்பெனியில் மாதம் ரூ.15 ஆயிரம் சம்பளம் வாங்குகிறவர் முழு சம்பளத்தை கொட்டினாலும் முதல் மாத ஊசியே கிடைக்காது.

2025 நவம்பரில் அந்த கம்பெனியே விலையை 37 சதவீதம் வரை வெட்டியது. தொடக்க அளவு ரூ.10 ஆயிரத்து 850 ஆனது. டிசம்பரில் ஓசெம்பிக் ஊசியை மாதம் ரூ.8 ஆயிரத்து 800 என்ற தொடக்க விலையில் இறக்கியது. திடீர் கருணைக்கு காரணம் என்ன? மருந்தின் இந்திய காப்புரிமை 2026 மார்ச் மாதம் முடியப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். போட்டிக்கு ஆள் வருவதற்கு முன்பே வாடிக்கையாளரை பிடித்து வைக்க வேண்டாமா?

அதற்கு முன்பே கோர்ட்டில் மோதல் நடந்தது. ஐதராபாத்தை சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி இந்த மருந்தை தயாரித்து, காப்புரிமை இல்லாத வெளிநாடுகளுக்கு அனுப்பலாம் என்று டெல்லி ஐகோர்ட்டு 2025 டிசம்பரில் அனுமதித்தது. கனடாவில் நடந்தது இன்னும் கூத்து. அங்கே சில நூறு டாலர் பராமரிப்பு கட்டணம் கட்டாமல் விட்டதால் நோவோ நார்டிஸ்க்கின் காப்புரிமை காலாவதியாகி விட்டது. கோடி கோடியாக சம்பாதிக்கும் கம்பெனி, 450 கனடா டாலரில் கோட்டை விட்டது.

2026 மார்ச் 20-ந் தேதி இந்தியாவில் காப்புரிமை முடிந்ததும் உள்நாட்டு கம்பெனிகள் வரிசையாக களம் இறங்கின. விலையும் பாதிக்கு கீழே வந்தது. இது புது கதை அல்ல. இதே குடும்பத்தை சேர்ந்த லிராகுளுடைட் என்ற தினசரி ஊசிக்கு 2024 ஜனவரியில் கிளென்மார்க் கம்பெனி உள்நாட்டு ஊசியை விட்டபோதும், தினம் ரூ.100 அளவுக்கு செலவு வரும், சுமார் 70 சதவீதம் மிச்சம் என்று அறிவித்தது.

மருந்து ஒன்றுதானா?

சரி, சரக்கு எப்படி?

மருந்தின் மூலக்கூறு ஒன்றேதான். செய்கிற விதம்தான் மாறலாம். நோவோ நார்டிஸ்க் இதை ஈஸ்ட் என்ற நுண்ணுயிரை வளர்த்து அதில் இருந்து எடுக்கிறது. தோசை மாவு பொங்குவது போல ஒரு சமாசாரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மற்ற கம்பெனிகள் பல, ரசாயன முறையில் கண்ணி கண்ணியாக கோர்த்து இதே மூலக்கூறை உண்டாக்குகின்றன. எந்த வழியில் போனாலும் கடைசியில் வரும் மூலக்கூறு ஒன்றாக இருக்க வேண்டும். அதில் ஒட்டி வரும் கசடு அனுமதித்த அளவுக்குள் இருக்க வேண்டும். ரத்தத்தில் ஏறும் அளவும் அசல் மருந்தைப் போலவே இருக்க வேண்டும். இதை ஆவணத்தோடு காட்டினால்தான் மத்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி கிடைக்கும்.

ஆகவே, அனுமதி பெற்ற ஜெனரிக் ஊசி என்றால் விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக சந்தேகப்பட வேண்டியது இல்லை. அசல் விலையில் பெரும் பகுதி காப்புரிமைக்கான விலைதான். புட்டியில் இருக்கும் மருந்துக்கான விலை அல்ல. சர்க்கரைக்கு தினம் நாம் விழுங்கும் மெட்பார்மினே ஜெனரிக்தான். அதை யாரும் சந்தேகப்படுவது இல்லையே.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பெயர் வேறாக இருந்தால் எல்லாம் ஜெனரிக் என்று நினைத்து விடக்கூடாது. 'பொவிஸ்ட்ரா' என்ற பெயரில் எம்கியூர் கம்பெனி விற்பது, நோவோ நார்டிஸ்க்கின் அதே வீகோவி மருந்துதான். 'யுர்பீக்' என்று சிப்லா விற்பது, அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனியுடைய 'மவுஞ்சாரோ' மருந்துதான். சட்டை மட்டும் வேறு.

வித்தியாசம் எங்கே இருக்கிறது?

உண்மையான வித்தியாசம் மருந்தை விட அதை அடைத்திருக்கும் கருவியில்தான் அதிகம். அசல் கம்பெனியின் ஊசி பேனா வடிவில் வருகிறது. திருகினால் அளவு தானாக நிற்கும். மலிவு ரகங்களில் சில, சின்ன புட்டியாக வருகின்றன. சிரிஞ்சில் நாமே இழுத்து போட வேண்டும். விலை குறைய இதுவும் ஒரு காரணம். ஆபத்தும் இங்கேதான்.

ஒரு மில்லியில் 2.5 மில்லி கிராம் மருந்து உள்ள புட்டி என்று வைத்துக் கொள்வோம். தொடக்க அளவான 0.25 மில்லி கிராமுக்கு இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட் இழுத்தால் போதும். "0.25-னுதானே டாக்டர் எழுதி இருக்கார்" என்று 25 யூனிட் இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் ஏறி விடும். இதே மருந்து இரு மடங்கு அடர்த்தியில் வந்தால் இழுக்க வேண்டியது 5 யூனிட்தான். கம்பெனி மாறினால் கணக்கும் மாறும். அமெரிக்காவில் கடைகளில் கலந்து கொடுத்த செமாகுளுடைட் புட்டிகளில் இப்படித்தான் சிலர் 5 முதல் 20 மடங்கு வரை அதிகமாக போட்டுக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இதுபற்றி அந்த நாட்டு மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் எச்சரிக்கையே வெளியிட்டது. வாந்தி நிற்காது. ஒரு வாரம் உடம்பில் தங்கும் மருந்து என்பதால், போட்ட பிறகு திரும்ப எடுக்க வழியும் இல்லை.

அடுத்தது குளிர்ச்சி. திறக்காத ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்து போனால் குப்பையில்தான் போட வேண்டும். வேலூர், மதுரை வெயிலில் பைக் பெட்டியில் வைத்து ஊசி கொண்டு வந்தால் அது பிராண்டாக இருந்தாலும் ஜெனரிக்காக இருந்தாலும் கதி ஒன்றுதான். கரண்டு போனால் பிரிட்ஜுக்கு ஜெனரேட்டர் ஓடுகிற கடையா என்று பார்த்து வாங்குவது, எந்த கம்பெனி என்று பார்ப்பதை விட முக்கியம். திறந்த பிறகு எத்தனை நாள் வைக்கலாம் என்பது ஒவ்வொரு ரகத்துக்கும் மாறுவதால், உள்ளே இருக்கும் காகிதத்தை படித்தாக வேண்டும்.

ஜெனரிக் வேறு, போலி வேறு

இந்த இரண்டையும் போட்டு குழப்பிக் கொள்கிறார்கள். ஜெனரிக் என்பது லைசென்சு, பேட்ச் எண்ணோடு வருகிற மருந்து. போலி என்பது கொள்ளை. 2023-ல் ஆஸ்திரியா நாட்டில் ஓசெம்பிக் என்று நம்பி வாங்கி போட்ட சிலர் சர்க்கரை அளவு மடமடவென இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். பேனாவுக்குள் இன்சுலின் இருந்திருக்கலாம் என்று அந்த நாட்டு அதிகாரிகள் தெரிவித்தனர். பிரேசில், இங்கிலாந்து, அமெரிக்கா என்று 3 நாடுகளில் போலி ஓசெம்பிக் பிடிபட்டது குறித்து உலக சுகாதார அமைப்பு 2024 ஜூனில் எச்சரித்தது. போலிக்காரன் காப்பி அடித்தது விலை உயர்ந்த பிராண்டை என்பதை கவனிக்க வேண்டும். பெரிய பெயர் என்பதாலேயே பயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஜிம்மில் தெரிந்தவர், பியூட்டி பார்லர், வாட்ஸ்-அப் குரூப் வழியாக பில் இல்லாமல் வரும் ஊசியை எந்த பெயரில் வந்தாலும் தொடாமல் இருப்பதே நல்லது.

யாருக்கு இந்த ஊசி?

கல்யாணத்துக்கு 3 மாதம் இருக்கிறது, 4 கிலோ குறைய வேண்டும் என்கிறவர்களுக்கு இது அல்ல. எடை-உயர விகிதம் 30-க்கு மேல், அல்லது சர்க்கரை, ரத்த கொதிப்பு போன்ற தொந்தரவோடு 27-க்கு மேல் உள்ளவர்களுக்குத்தான் எடை குறைப்புக்காக எழுதப்படுகிறது. 5 அடி 5 அங்குல உயரம் உள்ளவர் என்றால் சுமார் 82 கிலோ, சர்க்கரை இருந்தால் சுமார் 74 கிலோ. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது.

இதில் கூலி வேலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சர்க்கரைக்கு ஏற்கனவே கிளிமிபிரைடு மாத்திரையோ, இன்சுலினோ எடுப்பவர் இந்த ஊசியையும் சேர்த்து போட்டு, பசி இல்லை என்று சாப்பிடாமல் சாரம் ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். பழைய மருந்தின் அளவை டாக்டர் குறைத்து கொடுக்க வேண்டி இருக்கும். இறங்குகிற எடையில் கொழுப்போடு சதையும் கொஞ்சம் போகும். மூட்டை தூக்குகிறவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. முட்டை, பருப்பு, மீன் என்று சேர்த்தே ஆக வேண்டும். குமட்டல், மலச்சிக்கல் பலருக்கு வரும். பித்தப்பை கல், கணைய வீக்கம் சிலருக்கு. கர்ப்பத்துக்கு தயாராகும் பெண்கள் 2 மாதம் முன்பே நிறுத்தி விட வேண்டும்.

மலிவு ஊசி வந்ததில் உண்மையான லாபம் சர்க்கரை நோயாளிகளுக்குத்தான். இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் என்று சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் சொன்னது. சர்க்கரையோடு இதய நோய் அல்லது சிறுநீரக நோயும் பருமனும் உள்ளவர்களுக்காக, உலக சுகாதார அமைப்பு 2025 செப்டம்பரில் இந்த மருந்தை அத்தியாவசிய மருந்து பட்டியலிலேயே சேர்த்து விட்டது.

விலை விஷயத்தில் யாரும் வெளியே சொல்லாத கணக்கு, எத்தனை மாதம் போடுவது என்பதுதான். ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி விட்டது என்று ஆய்வு காட்டியது. 13 கிலோ குறைந்தவருக்கு 8, 9 கிலோ திரும்ப ஏறும். ஆகவே முதல் மாத செலவை மட்டும் பார்த்து ஆரம்பிப்பதில் அர்த்தம் இல்லை. முழு அளவுக்கு மாதம் எவ்வளவு, அதை 2 வருஷம் தாங்க முடியுமா என்று வீட்டில் கணக்கு போட்ட பிறகு டாக்டரிடம் போகலாம். பாதியில் விட்டு விட்டு 3 மாதம் கழித்து பழைய பெரிய அளவிலேயே மறுபடி ஆரம்பிப்பது இன்னும் மோசம். அடியில் இருந்துதான் திரும்ப ஏற்ற வேண்டி வரும்.

மவுஞ்சாரோ பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2025 மார்ச் மாதம் இந்தியாவுக்கு வந்த அதன் மருந்து டிர்செப்படைட். ஒரு வார புட்டி 2.5 மில்லி கிராம் ரூ.3 ஆயிரத்து 500 என்று அறிமுகமானது. எடையும் செமாகுளுடைடை விட அதிகமாகவே இறங்குகிறது. ஆனால் அதற்கு காப்புரிமை இன்னும் பல ஆண்டுகள் பாக்கி இருக்கிறது. "மவுஞ்சாரோ ஜெனரிக், பாதி விலை" என்று யாராவது நீட்டினால் அது கம்பெனி வழியாக வந்த சரக்கு அல்ல.